சூரியப் புவிப்பொறியியல் மாதிரி ஆய்வுகள்

சூரியப் புவிப்பொறியியல் என்பது, பூமியை வந்தடையும் சூரிய ஒளியில் ஒரு சிறு பகுதியை விண்வெளிக்கே திருப்பி அனுப்புவதன் மூலம் புவி வெப்பமடைதலைத் தணிப்பதற்காக முன்மொழியப்பட்டுள்ள முறைகளின் பொதுப் பெயர் ஆகும். சூரியக் கதிர்வீச்சு மேலாண்மை என்ற பெயரும் வழக்கில் உள்ளது. இம்முறைகளுள் எதுவும் இதுவரை உலக அளவில் செயற்படுத்தப்படவில்லை. ஆகவே இவற்றைப் பற்றி இன்று அறியப்பட்டுள்ளவற்றில் பெரும்பகுதி, கணினியில் இயங்கும் காலநிலை மாதிரிகளில் நிகழ்த்தப்பட்ட சோதனைகளிலிருந்தும், பெரும் எரிமலை வெடிப்புகளின் பின்விளைவுகளை அளந்ததிலிருந்தும் பெறப்பட்டதாகும். இக்கட்டுரை அம்மாதிரி ஆய்வுகளைப் பற்றியது.

பொதுவாக ஒரு மருந்தைச் சோதிக்க, மருந்து பெற்ற குழுவையும் பெறாத குழுவையும் ஒப்பிடுவர். பூமியோ ஒன்றுதான் உள்ளது. ஒளி குறைக்கப்பட்ட பூமியையும் குறைக்கப்படாத பூமியையும் அருகருகே வைத்து ஒப்பிடக்கூடிய ஒரே இடம் கணினி மட்டுமே. இம்முறை பூமியைக் குளிர்விக்குமா என்ற கேள்விக்கு "ஆம்" என்ற விடை தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. வெப்பநிலை சரிசெய்யப்பட்ட பின்னும் எவையெல்லாம் பழைய நிலைக்குத் திரும்பாமல் எஞ்சும் என்பதே கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக இவ்வாய்வுகளின் மையக் கேள்வியாக இருந்து வருகிறது.

கருத்தின் தோற்றம்

1965-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனுக்கு அளிக்கப்பட்ட அறிவியல் ஆலோசனைக் குழுவின் அறிக்கையொன்று, கரியமில வாயுவால் ஏற்படும் வெப்பத்தை ஈடுசெய்யக் கடற்பரப்பில் ஒளியை எதிரொளிக்கும் துகள்களைப் பரப்பலாம் என்று குறிப்பிட்டது. 1974-இல் சோவியத் காலநிலையியலாளர் மிக்கைல் புதிக்கோ, எரிமலைகளைப் பின்பற்றி வளிமண்டலத்தின் மேலடுக்கில் கந்தகச் சேர்மங்களைச் செலுத்தலாம் என்ற கருத்தை முன்வைத்தார்.

எரிமலையை முன்மாதிரியாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. 1991 சூன் 15 அன்று பிலிப்பைன்சு நாட்டின் பினத்துபோ எரிமலை வெடித்தபோது ஏறக்குறைய 1.5 முதல் 2 கோடி டன் கந்தக-டை-ஆக்சைடு வாயு அடுக்கு மண்டலத்துக்குச் சென்றது. அங்கே அது கந்தக அமிலத்தின் நுண்திவலைகளாக மாறி உலகெங்கும் பரவியது. மழையும் மேகமும் இல்லாத உயரம் என்பதால் அத்திவலைகள் ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே தங்கி ஒளியைச் சிதறடித்தன. 1992-இல் உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரைப் பாகை செல்சியசு குறைந்தது. அதே காலத்தில் நிலப்பகுதிகளில் பெய்த மழையும் ஆறுகள் கடலில் சேர்த்த நீரின் அளவும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்ததை, கெவின் டிரென்பெர்த், ஐகுவோ டாய் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

நெடுங்காலம் இத்துறை அறிவியலாளர்களிடையே பேசக் கூடாத பொருளாகவே இருந்தது. ஓசோன் படலம் குறித்த ஆய்வுக்காக 1995-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான பால் குருட்சன், 2006-இல் இதுபற்றி ஆராய வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதிய பின்னரே அந்நிலை மாறியது. கரியமில வாயு வெளியீட்டைக் குறைப்பதே சிறந்த வழி என்றும், அது நடைபெறும் அறிகுறி தென்படாததாலேயே இதைப் பேச வேண்டியிருக்கிறது என்றும் அவர் அதில் தெளிவாகக் கூறியிருந்தார்.

காலநிலை மாதிரி

காலநிலை மாதிரி என்பது ஒரு மென்பொருள். அது வளிமண்டலத்தையும் கடலையும் ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம், காற்றின் வேகம் முதலியவற்றைப் பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல் சமன்பாடுகளைக் கொண்டு கணிக்கிறது. சில நிமிடங்கள் முதல் அரை மணி வரையிலான சிறு கால அடிகளில் முன்னேறி, இவ்வாறே நூறு ஆண்டுகளுக்கும் மேலான காலநிலையைக் கட்டியெழுப்புகிறது. உலக மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் 100 கி.மீ. அல்லது அதற்கும் கூடுதலாக இருக்கும். அதாவது ஒரு மாவட்டம் முழுவதும் ஒரே கட்டத்தினுள் அடங்கிவிடும். மேகமும் இடிமழையும் அக்கட்டத்தை விடச் சிறியவை என்பதால், அவை தோராயமான விதிகளின் வழியே கணக்கில் சேர்க்கப்படுகின்றன. மாதிரிகளுக்கிடையே காணப்படும் வேறுபாடுகளுள் பெரும்பாலானவை இத்தோராயங்களில் இருந்தே பிறக்கின்றன.

மாதிரியில் சூரியப் புவிப்பொறியியலை நிகழ்த்த இரு வழிகள் உள்ளன. எளிய வழி, சூரிய மாறிலி என்ற ஒற்றை எண்ணைச் சற்றுக் குறைப்பது. கடினமான வழி, அடுக்கு மண்டலத்தில் வாயுவைச் செலுத்தி, அது திவலையாக மாறுவது, திவலைகள் ஒன்றுடன் ஒன்று சேர்ந்து பருப்பது, காற்றில் பரவுவது, இறுதியில் கீழே விழுவது ஆகிய அனைத்தையும் கணிப்பது. தொடக்க கால ஆய்வுகள் பலவும் முதல் வழியையே பின்பற்றின.

2000-ஆம் ஆண்டு ஆய்வு

1998-இல் கொலராடோவின் ஆசுபென் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில், லாரன்சு லிவர்மோர் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த லோவல் வுட் இக்கருத்தை ஆதரித்துப் பேசினார். அதே ஆய்வகத்தின் காலநிலையியலாளர் கென் கால்டெய்ரா இது பலிக்காது என்று கருதினார். அவருடைய ஐயம் நியாயமானது. சூரிய ஒளி பகலில் மட்டுமே விழுகிறது. வெப்பமண்டலத்தில் மிகுதியாகவும் துருவங்களில் குறைவாகவும் விழுகிறது. கரியமில வாயுவோ இரவு பகல், கோடை குளிர் என்று பாராமல் எங்கும் வெப்பத்தைத் தடுக்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஈடுசெய்தால் சராசரி சரியாகலாம், ஆனால் வட்டாரங்கள் தாறுமாறாகும் என்பதே எதிர்பார்ப்பு.

இதைச் சோதிக்க அவரும் கோவிந்தசாமி பாலாவும் ஒரு மாதிரியில் கரியமில வாயுவை இரு மடங்காக்கி, சூரிய ஒளியை 1.8 விழுக்காடு குறைத்தனர். இந்த எண் எவ்வாறு கிடைக்கிறது என்பதை எளிதில் சரிபார்க்கலாம். பூமி உட்கவரும் சூரிய ஆற்றல் சராசரியாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 வாட், அதில் 1.8 விழுக்காடு 4 வாட்டுக்குச் சற்றுக் கூடுதல். கரியமில வாயு இரட்டிப்பதால் தடுக்கப்படும் ஆற்றலும் ஏறக்குறைய அவ்வளவே. 2000-இல் வெளியான முடிவு ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. உலகச் சராசரி மட்டுமன்றி வட்டார வெப்பநிலைகளும் பருவ வேறுபாடுகளும் பெருமளவு பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. ஒரு கருத்தைத் தள்ளுபடி செய்ய நடத்திய சோதனை அதற்கு வலுச் சேர்த்துவிட்டது. பாலா பின்னர் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகி இவ்வாய்வுகளைத் தொடர்ந்தார்.

மழைக் கணக்கு

வெப்பநிலை சரியானால் மழையும் சரியாகிவிடும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழ்வதில்லை என்பதே இத்துறையின் மிக உறுதியான கண்டுபிடிப்பு ஆகும்.

மழை பெய்ய வேண்டுமானால் அதே அளவு நீர் எங்கோ ஆவியாகியிருக்க வேண்டும். நீரை ஆவியாக்க நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் ஆற்றல் தேவை. சூரிய ஒளியின் பெரும்பகுதி வளிமண்டலத்தைக் கடந்து வந்து தரையிலும் கடலிலுமே உட்கவரப்படுகிறது. கரியமில வாயு அவ்வாறன்றி, வெளியேற வேண்டிய வெப்பத்தைத் தடுத்து வளிமண்டலத்தையே நேரடியாகச் சூடாக்குகிறது. ஒளியைக் குறைத்து இச்சூட்டை ஈடுசெய்யும்போது வரவு செலவு மொத்தத்தில் சமமாகும். ஆனால் வெட்டு விழுவது தரையிலும் கடலிலும். அங்கே ஆவியாதல் குறைகிறது. போதாததற்கு, கரியமில வாயு மிகுந்த வளிமண்டலம் நிலைத்தன்மை கூடியதாகி, காற்று மேலெழுவதையும் சற்றுத் தடுக்கிறது.

2008-இல் பாலா, பிலிப் டஃபி, கார்ல் டெய்லர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்கள் தந்தது. கரியமில வாயுவால் வெப்பநிலை ஒரு பாகை கூடும்போது உலக மழை சுமார் 1.5 விழுக்காடு கூடுகிறது. சூரிய ஒளியின் மாற்றத்தால் வெப்பநிலை ஒரு பாகை மாறும்போது மழை சுமார் 2.4 விழுக்காடு மாறுகிறது. எடுத்துக்காட்டாக, கரியமில வாயுவால் 2 பாகை வெப்பம் கூடினால் மழை 3 விழுக்காடு கூடும். அந்த 2 பாகையை ஒளிக் குறைப்பால் இறக்கினால் மழை 4.8 விழுக்காடு குறையும். வெப்பநிலை தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது, மழையில் 1.8 விழுக்காடு கணக்கில் இடிக்கிறது. அளவைக் கூட்டிக் குறைத்து இதைத் தீர்க்க இயலாது. மழையைச் சரிசெய்யும் அளவு வெப்பநிலைக்குப் போதாது. வெப்பநிலையைச் சரிசெய்யும் அளவு மழைக்கு மிகை.

இது உலகச் சராசரி மட்டுமே. பற்றாக்குறை எங்கே விழும் என்பதுதான் மக்களைப் பாதிக்கும் செய்தி. 2008-இல் ஆலன் ரோபோக், லூக் ஓமன், கியார்கி ஸ்டென்சிகோவ் ஆகியோர், வெப்பமண்டலத்தில் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் கந்தக-டை-ஆக்சைடைச் செலுத்தும் நிலையை ஆராய்ந்தனர். ஆசிய, ஆப்பிரிக்கக் கோடைப் பருவமழைகள் குலையக்கூடும் என்றும், கோடிக்கணக்கானோரின் உணவு அதைச் சார்ந்திருக்கிறது என்றும் அவர்கள் எச்சரித்தனர். எனினும், வெப்பமான இன்றைய போக்கோடு ஒப்பிடுவதா, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிடுவதா என்பதைப் பொறுத்து ஒரே முடிவு ஆதாயமாகவோ இழப்பாகவோ தோன்றும். இத்துறையின் சச்சரவுகளில் பாதி இவ்வொப்பீட்டுப் புள்ளியைக் குறிப்பிடாமல் பேசுவதால் எழுபவை.

ஜியோமிப் திட்டம்

ஆய்வுக் குழுக்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதிரியில் வெவ்வேறு அளவுகளைச் சோதித்ததால் முடிவுகளை ஒப்பிட இயலவில்லை. இதைத் தீர்க்க பென் கிராவிட்ஸ், ரோபோக் முதலியோர் 2011-இல் ஜியோமிப் எனப்படும் புவிப்பொறியியல் மாதிரி ஒப்பீட்டுத் திட்டத்தின் பொது வரையறைகளை வெளியிட்டனர். எல்லா மாதிரிகளும் ஒரே வினாத்தாளை எழுதுவதற்கு இது ஒப்பாகும். முதலில் நான்கு சோதனைகள் இருந்தன. ஜி1 சோதனையில் கரியமில வாயு ஒரே அடியில் நான்கு மடங்காக்கப்பட்டு, அதற்கு ஈடாகச் சூரிய ஒளி குறைக்கப்பட்டது. ஜி2-இல் இரண்டும் படிப்படியாக மாற்றப்பட்டன. ஜி3, ஜி4 ஆகியவை கந்தக ஏரோசால்களைப் பயன்படுத்தின.

நான்கு மடங்கு கரியமில வாயு என்பது நடைமுறையில் யாரும் எதிர்பார்க்காத, வேண்டுமென்றே மிகைப்படுத்தப்பட்ட நிலை. ஆனால் குறிப்பலை இரைச்சலை விஞ்சித் தெளிவாகத் தெரிய இத்தகைய மிகை தேவைப்படுகிறது. பன்னிரண்டு மாதிரிகள் பங்கேற்ற ஜி1 முடிவுகள் 2013-இல் வெளியாயின. சமநிலைக்குத் தேவைப்பட்ட ஒளிக் குறைப்பு மாதிரிக்கு மாதிரி வேறுபட்டு, ஏறக்குறைய 3 முதல் 5 விழுக்காடு வரை இருந்தது. வெப்பமண்டலம் சற்று மிகையாகக் குளிர்ந்தது. துருவங்களில் சிறிது வெப்பம் எஞ்சியது. உலக மழை சுமார் 4.5 விழுக்காடு குறைந்தது. பருவமழை வட்டாரங்களிலும் குறைவு காணப்பட்டது. மழை குறையும் என்பதில் மாதிரிகள் ஒத்துப்போயின; எந்த வட்டாரத்தில் எவ்வளவு என்பதில் ஒத்துப்போகவில்லை.

ஜி1 முழு ஈடுசெய்தலைச் சோதித்தது. பாதி அளவு மட்டும் ஈடுசெய்தால் என்ன என்ற கேள்வியை பீட்டர் இர்வின் குழுவினர் 2019-இல் எடுத்துக்கொண்டனர். கரியமில வாயு இரட்டிப்பால் வரும் வெப்பத்தில் பாதியை மட்டும் ஒளிக் குறைப்பால் தணித்தபோது, நீர்வளம், கடும் மழை போன்ற அளவைகளில் மிகச் சிறு நிலப்பரப்பே முன்பை விட மோசமான நிலைக்குச் சென்றது. எனினும் அவ்வாய்வும் சூரிய மாறிலியைக் குறைக்கும் எளிய வழியிலேயே செய்யப்பட்டது. உண்மையான திவலைகளின் பக்கவிளைவுகள் அதில் இல்லை.

திடீர் நிறுத்தம்

ஜி2 சோதனையின் முதன்மை நோக்கம் வேறு. ஐம்பது ஆண்டுகள் ஒளிக் குறைப்பைத் தொடர்ந்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் என்ன நிகழும்? எல்லா மாதிரிகளும் ஒரே விடையைத் தந்தன: அதுகாறும் மறைக்கப்பட்டிருந்த வெப்பம் ஓரிரு பத்தாண்டுகளுக்குள் வெளிப்பட்டது. திவலைகள் ஓரிரு ஆண்டுகளில் மறைந்துவிடும். கரியமில வாயுவின் விளைவோ நூற்றாண்டுகளுக்கு நீடிக்கும். எனவே கரியமில வாயுவைக் குறைக்காமல் இம்முறையைத் தொடங்கும் தலைமுறை, அதை நிறுத்த முடியாத கடமையைப் பின்வரும் தலைமுறைகளின் மீது சுமத்துகிறது. போரோ பொருளாதார வீழ்ச்சியோ இப்பணியைத் தடைசெய்தால் பயிர்களுக்கும் காட்டுயிர்களுக்கும் தகவமைத்துக்கொள்ளக் காலம் இராது. இது நிறுத்த அதிர்ச்சி எனப்படுகிறது.

தெளிக்கும் இடம்

2013-இல் ஜிம் ஹேவுட் குழுவினர், ஏரோசால்களை ஓர் அரைக்கோளத்தில் மட்டும் செலுத்தினால் நிகழ்வதை ஆராய்ந்தனர். வட அரைக்கோளம் மட்டும் குளிர்ந்தால் வெப்பமண்டல மழைப்பட்டை வெப்பமான தெற்கு நோக்கி நகர்கிறது. சகாராவின் தென்விளிம்பிலுள்ள சாகேல் பகுதி வறள்கிறது. தெற்கில் செலுத்தினால் சாகேல் பசுமையாகிறது. வரலாற்றிலும் இதற்குத் தடயம் உண்டு. அலாஸ்காவின் கட்மை (1912), மெக்சிகோவின் எல் சிச்சோன் (1982) ஆகிய வடபுல வெடிப்புகளை அடுத்துச் சாகேலில் கடும் வறட்சி நிலவியது.

இந்தியப் பருவமழைக்கும் இவ்விதி பொருந்தும். பெங்களூர்க் குழுவினரின் மாதிரிகளில், வட அரைக்கோளத்தில் செலுத்தும்போது இந்தியக் கோடைப் பருவமழை குறைந்தது. தென் அரைக்கோளத்தில் செலுத்தும்போது கூடியது. ஆர்க்டிக் பனியைக் காக்க அங்கு மட்டும் தெளிப்பது தீங்கற்றது போலத் தோன்றும். ஆனால் 2018-இல் வெளியான அவர்களின் ஆய்வின்படி, அதுவும் ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவிலுள்ள பருவமழைப் பட்டையைத் தெற்கே தள்ளுகிறது. தன் நாட்டு நலனுக்காக ஒரு நாடு தேர்ந்தெடுக்கும் அட்சரேகை, இன்னொரு நாட்டின் விளைச்சலைத் தீர்மானிக்கக்கூடும்.

கட்டுப்பாட்டு முறை

இச்சிக்கலுக்குக் கட்டுப்பாட்டுப் பொறியியல் துறையிலிருந்து ஒரு விடை வந்தது. டக்ளஸ் மக்மார்ட்டின், கிராவிட்ஸ், சிமோன் டில்மெஸ் முதலியோர், ஒரே இடத்திற்குப் பதிலாக வடக்கிலும் தெற்கிலும் 15, 30 பாகை அட்சரேகைகளில் நான்கு இடங்களில் செலுத்தும் முறையை வகுத்தனர். மாதிரியில் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் மூன்று அளவுகள் பார்க்கப்பட்டன: உலகச் சராசரி வெப்பநிலை, இரு அரைக்கோளங்களுக்கிடையேயான வேறுபாடு, நிலநடுக்கோட்டுக்கும் துருவங்களுக்கும் இடையேயான வேறுபாடு. இலக்கிலிருந்து விலகிய அளவைக் கொண்டு அடுத்த ஆண்டு எவ்விடத்தில் எவ்வளவு செலுத்துவது என்பதை ஒரு பின்னூட்டுக் கட்டுப்படுத்தி கணித்தது. ஆலைகளில் கொதிகலனின் வெப்பத்தைச் சீராக வைக்கும் கருவியில் இருப்பதும் இதே வகைக் கணக்குதான்.

இம்முறையில் கரியமில வாயு மிகக் கூடுதலாக வெளியாகும் நிலையை எடுத்துக்கொண்டு 2020 முதல் 2099 வரை நிகழ்த்தப்பட்ட கிளென்சு தொகுப்பு 2018-இல் வெளியிடப்பட்டது. ஒரே சோதனை, தொடக்க நிலைகளைச் சிறிது மாற்றி, இருபது முறை நிகழ்த்தப்பட்டது. மூன்று இலக்குகளும் நிறைவேறின. ஆனால் நூற்றாண்டின் இறுதியில் தேவைப்பட்ட கந்தக-டை-ஆக்சைடு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 கோடி டன். ஆண்டுதோறும் இரண்டு, மூன்று பினத்துபோக்கள் வெடிப்பதற்கு இது சமம். 2022-இல் வெளியான அரைசு தொகுப்பு, நடுத்தர வெளியீட்டு நிலையையும் 1.5 பாகை இலக்கையும் 2035 என்ற தொடக்க ஆண்டையும் எடுத்துக்கொண்டதால் தேவை மிகவும் குறைந்தது.

குறைபாடுகள்

மாதிரிகள் ஒத்துப்போகாத இடங்களில் முதன்மையானது திவலையின் அளவு. கூடுதலான கந்தகம் செலுத்தப்படும்போது புதிய திவலைகள் உருவாவதற்குப் பதிலாக ஏற்கெனவே உள்ளவை பருக்கின்றன. பெரிய திவலைகள் ஒளியைக் குறைவாகச் சிதறடித்து விரைவாக விழுகின்றன. எனவே அளவை இரட்டித்தால் பயன் இரட்டிப்பதில்லை. பினத்துபோ ஒரே முறை வெடித்ததால் தொடர்ந்து செலுத்தும் நிலைக்கு அது முழு முன்மாதிரி ஆகாது.

திவலைகள் அடுக்கு மண்டலத்தைச் சூடாக்குவதும் ஒரு சிக்கல். சூரிய மாறிலியைக் குறைக்கும் சோதனையையும் கந்தகம் செலுத்தும் சோதனையையும் ஒப்பிட்டபோது, பின்னதில் மட்டும் குளிர்காலக் காற்றோட்டம் மாறி, வட ஐரோப்பாவில் வெப்பமும் ஐபீரியத் தீபகற்பத்தில் வறட்சியும் தோன்றின. ஓசோன் படலமும் பாதிக்கப்படும். அண்டார்க்டிக் ஓசோன் துளை மீள்வது 30 முதல் 70 ஆண்டுகள் தாமதமாகலாம் என்று 2008-இல் டில்மெஸ் முதலியோர் கணித்தனர். கடல் அமிலமாதலை இம்முறை தீர்ப்பதே இல்லை.

மாதிரிகளில் எழுதப்படாத ஒரு கற்பனையும் உண்டு. கிளென்சு கட்டுப்படுத்தி எண்பது ஆண்டுகள் ஒருமுறைகூடத் தவறாமல், யாரோடும் வாதிடாமல் இயங்குகிறது. உண்மை உலகில் அந்த இலக்கு எண்ணை யார் முடிவு செய்வது என்பதற்குச் சமன்பாடு இல்லை. மேலும் கணினியில் ஒரே ஆண்டை இருபது முறை நிகழ்த்திச் சராசரி காணலாம். உண்மையில் ஒரு முறைதான் நிகழும். தெளிக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் ஒரு நாட்டில் பருவமழை பொய்த்தால், அது தெளித்ததாலா, இயல்பான ஏற்றத்தாழ்வாலா என்பதை அந்த ஒற்றை ஆண்டைக் கொண்டு மெய்ப்பிக்க இயலாது. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர முடியாது. தெளித்தவர் பழியை மறுக்கவும் முடியாது.

வளரும் நாடுகளின் ஆய்வுகள்

இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிகழ்ந்தவை. விளைவுகளை மிகுதியும் சந்திக்கக்கூடிய நாடுகளும் ஆராய வேண்டும் என்ற நோக்கில் 2018-இல் டெசிமல்சு நிதி தொடங்கப்பட்டது. வங்காளதேசம், பெனின், இந்தோனேசியா, ஈரான், சமைக்கா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட எட்டு நாடுகளின் குழுக்கள் அதன் முதற்கட்ட உதவியைப் பெற்றன. கிளென்சு போன்ற தொகுப்புகளின் தரவு பொதுவில் கிடைப்பதால், மீக்கணினி இல்லாத பல்கலைக்கழகமும் இவ்வாய்வில் ஈடுபட முடிகிறது. 2018-இல் குடிநீர் தீரும் நிலைக்கு வந்த கேப் டவுன் நகரைப் பற்றிய ஆய்வு, அத்தகைய வறட்சிகள் கூடும் வாய்ப்பின் பெரும்பகுதியை ஏரோசால் முறை தவிர்க்கக்கூடும் என்றது. மலேரியா பற்றிய 2022-ஆம் ஆண்டு ஆய்வோ, கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் நோய் குறைந்து, தாழ்நில ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஆசியாவிலும் கூடக்கூடும் என்றது.

எதிர்ப்புகள்

கணினி ஆய்வே கூடாது என்போர் சிலரே. வெளிக்களச் சோதனைகளுக்கும் பயன்பாட்டுக்குமே எதிர்ப்பு வலுவாக உள்ளது. பிரித்தானியாவின் இசுபைசு திட்டக் களச் சோதனை 2012-இல் கைவிடப்பட்டது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் இசுகோபெக்சு திட்டம் சுவீடனில் நடத்தவிருந்த பலூன் கருவிச் சோதனை, சாமி பழங்குடியினர் உள்ளிட்டோரின் எதிர்ப்பால் 2021-இல் நிறுத்தப்பட்டது. திட்டமே 2024-இல் முடித்துக்கொள்ளப்பட்டது. இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தாமை குறித்த பன்னாட்டு ஒப்பந்தம் வேண்டும் என்று 2022-இல் அறிஞர்கள் பலர் திறந்த மடல் வெளியிட்டனர். எளிய மாற்று உண்டு என்ற எண்ணமே கரியமில வாயுக் குறைப்பைத் தள்ளிப்போடச் செய்யும் என்பது அவர்களின் வாதங்களுள் ஒன்று. ஆராயாமல் விட்டால், நெருக்கடியில் ஏதேனும் ஒரு நாடு குருட்டுத்தனமாக இறங்கிவிடும் என்பது மறுதரப்பின் வாதம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவையில் 2024-இல் இதுபற்றிய தீர்மானம் ஒன்று முன்மொழியப்பட்டு, உடன்பாடு எட்டப்படாமல் திரும்பப் பெறப்பட்டது.

ஜியோமிப் திட்டம் தொடர்ந்து இயங்குகிறது. அதன் அண்மைய சோதனைகளுள் ஒன்று, அரைசு தொகுப்பைப் போலவே 2035-ஐத் தொடக்கமாகவும் 1.5 பாகையை இலக்காகவும் கொண்டுள்ளது. அவ்வாண்டு, ஒப்பீட்டுக்காக ஆய்வாளர்கள் தேர்ந்துகொண்ட எண் மட்டுமே. எந்த அரசின் திட்டமும் அன்று.